தம்பியின் கண்ணிலிருந்து ஒரு துணுக்கு

கண்ணில் சுண்ணாம்பு பட்டால் உடனே எரியும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு முதலில் எரியவில்லை. கொதிக்கிற கஞ்சியை யாரோ அள்ளி முகத்தில் வீசியது போலச் சூடாக இருந்தது, அவ்வளவுதான். கையைக் கொண்டுபோய்த் துடைத்தேன். அப்போதுதான் எரிச்சல் வந்தது. நான் போட்ட சத்தம் அடுத்த தெரு வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு அது நினைவில் இல்லை.

என் பெயர் தமிழரசி. மதுரை ஆனையூரில் வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் சின்ன அலுவலகம் வைத்திருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் சோழவந்தான் பக்கத்தில் மற்றவர்கள் வயலில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள். நான் சிவில் டிப்ளமோ படித்து, சில இன்ஜினியர்களிடம் வேலை கற்று, பிறகு சொந்தமாகப் போர்டு மாட்டினேன். என் கணவர் பாண்டிக்கு அதே சாலையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை. ஒரே மகள் கயல், அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நான் வரைந்து கொடுத்த வீடு ஒன்றில் மொட்டை மாடிக்குத் தட்டோடு பதிக்கும் வேலை நடந்தது. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்று காட்டுவதற்காக மேலே ஏறினேன். ஒரு டிரம்மில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அது கொதித்துக்கொண்டிருந்தது. "தள்ளி நில்லுங்க மேடம்" என்று மேஸ்திரி சொல்லி வாய் மூடவில்லை, அடியில் கிடந்த பெரிய கல் ஒன்று வெடித்துக் குழம்பு மேலே தெறித்தது.

அந்த மேஸ்திரி ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. சுவருக்குத் தண்ணீர் அடிக்கும் ரப்பர் குழாயை இழுத்து வந்து என் முகத்தில் திருப்பினார். நான் இமைகளை இறுக மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொறங்க! வலிச்சாலும் தொறங்க! மூடுனா உள்ளயே வெந்துரும்!"

சித்தாள் பெண்கள் இரண்டு பேர் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் தன் விரலால் என் இமையைப் பிரித்துத் தண்ணீரை ஓடவிட்டார். ஆட்டோ வந்து நின்ற பிறகும் ஒரு குடம் தண்ணீரை ஏற்றிக்கொண்டு, வழி நெடுக ஊற்றிக்கொண்டே வந்தார். வலது கண்ணில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறது என்றால் அந்தத் தண்ணீரால்தான் என்று பிறகு டாக்டர் சொன்னார். கட்டட வேலையில் இருப்பவர்கள் இதைப் படித்தால், மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கண்ணைத் திறந்து தண்ணீர் விட வேண்டும். உடனே விட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்க வைத்து, இமைகளைத் தூக்கிப் பிடித்து, சலைன் பாட்டிலிலிருந்து நேராகக் கண்ணுக்குள் ஓடவிட்டார்கள். இடையிடையே ஒரு சின்னக் காகிதத்தைக் கண்ணோரம் வைத்து அதன் நிறத்தைப் பார்த்தார்கள். சுண்ணாம்பின் காரம் போய்விட்டதா என்று அந்தக் காகிதம் காட்டிவிடும். போகும் வரைக்கும் கழுவிக்கொண்டே இருந்தார்கள். மேல் இமையைப் புரட்டி, மடிப்பில் ஒட்டியிருந்த துகள்களைப் பஞ்சுக் குச்சியால் எடுத்தார்கள். அமிலம் பட்டால் ஓரளவு மேலோடு நின்றுவிடும், காரம் நிற்காது, உள்ளே இறங்கிக்கொண்டே போகும் என்று ஒரு டாக்டர் தன் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அது எனக்காகச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் நமக்காகச் சொல்லாத பேச்சுதான் மனத்தில் அதிகம் தங்குகிறது.

கட்டுப் பிரித்தபோது இடது கண்ணுக்கு வெளிச்சம் இருக்கிறது, இல்லை என்பது மட்டும் தெரிந்தது. வலது கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினால் ஏதோ ஆடுகிறது என்று தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா நிதானமாகப் பேசுவார். அவர் முகத்தை நான் வெகுநாள் கழித்துத்தான் பார்த்தேன். அதுவரை குரலும், கையில் அவர் தடவியிருக்கும் கிருமிநாசினியின் வாடையும்தான் அவர்.

"கருவிழி கடிகாரக் கண்ணாடி மாதிரின்னு வச்சுக்குங்க" என்றார். "அதுக்கு மேல மெல்லிசா ஒரு தோல் இருக்கு. நாம இமைக்க இமைக்க அது தேஞ்சு உதிரும். புதுசு செஞ்சு அனுப்பற செல்லுங்க, கருவிழியும் வெள்ளை விழியும் சேர்ற விளிம்புல வளையமா உக்காந்திருக்கும். அதைத்தான் ஸ்டெம் செல்ங்கறோம். உங்க இடது கண்ணுல அந்த வளையம் முழுசா வெந்துபோச்சு. வலதுல பாதிக்கு மேல போச்சு."

"செத்தவுக கண்ண மாத்தி வைக்கிறாகள்ல டாக்டர், அது மாதிரி வச்சா?" என்று என் கணவர் கேட்டார். அவர் குரல் அப்படிக் கம்மி நான் கேட்டதில்லை.

"வைக்கலாம். ஆனா வச்ச கருவிழிக்கு மேல தோல் வளக்க ஆள் வேணுமே? அது இல்லாம வச்சா கொஞ்ச நாள்ல அதுவும் வெளுத்துப் போயிரும். முதல்ல ஸ்டெம் செல் வேணும்."

ஒரு கண் மட்டும் கெட்டிருந்தால் நல்ல கண்ணிலிருந்தே துளி எடுத்துவிடலாம். எனக்கு இரண்டும் கெட்டுவிட்டதால், உடன்பிறந்தவர் யாராவது கொடுக்க வேண்டும். அதுவும் உடனே முடியாது. வெந்த புண் ஆறி, கண்ணின் சிவப்பும் வீக்கமும் அடங்க வேண்டும். அதற்கு மாதக் கணக்கில் ஆகும் என்றார்.

அந்த மாதங்களைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வலியைச் சொல்லிவிடலாம். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதை எப்படிச் சொல்வது? அந்த வீட்டுக்கு வரைபடம் போட்டவளே நான்தான். கூடத்திலிருந்து அடுப்படிக்கு எத்தனை அடி, வாசற்கால் எங்கே முடிகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று பெருமை அடித்ததுண்டு. உண்மையிலேயே கண் மூடியபோது தினமும் ஒரு நிலைப்படியில் இடித்துக்கொண்டேன்.

பாண்டி கடைக்குப் போவதற்கு முன்னால் எனக்குத் தலை வாரிவிடப் பழகினார். காயில் கட்டுகிற கை, பின்னலை அப்படியே முறுக்கிக் கட்டிவிடும். சாயங்காலம் வரை அவிழாது. கயல் என் மருந்து பாட்டில்களில் ரப்பர் பேண்டு போட்டு வைத்தாள். ஒரு சுற்றுப் போட்டது ஒரு மருந்து, இரண்டு சுற்றுப் போட்டது இன்னொன்று, வழவழவென்று இருப்பது கண்ணீருக்குப் பதிலாக விடுவது. தடவிப் பார்த்து நானே எடுத்துக்கொள்வேன். அவள் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் பாட்டிலை எடுத்தேன், ரப்பர் பேண்டு இருந்தது. அவ்வளவுதான். அன்றைக்கு அவள் பள்ளிக்கூடம் போன பிறகு வெகுநேரம் அழுதேன். அழக்கூட எரிந்தது.

செலவைப் பற்றி இரண்டு பேரும் என் காதுபடப் பேசியதில்லை. பிறகு அந்தச் சிகிச்சையை ஆஸ்பத்திரி தன் ஆராய்ச்சித் திட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டது. அதனால் பெரிய பாரம் இறங்கியது.

கொடுப்பதற்கு எனக்கு இருந்த உடன்பிறப்பு ஒருத்தன்தான். தம்பி முத்து. மாட்டுத்தாவணியிலிருந்து சென்னைக்கு ஆம்னி பஸ் ஓட்டுகிறான். ரத்தப் பரிசோதனையில் அவனுக்கும் எனக்கும் நன்றாகப் பொருந்தியது. டாக்டரம்மா அவனிடம் எல்லாவற்றையும் விளக்கினார். கருவிழி ஓரத்திலிருந்து அரிசி நுனி அளவுக்கு ஒரு துணுக்கு எடுப்பார்கள். அந்த இடம் தானாக ஆறிவிடும். பார்வைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஆகவே ஆகாது என்று எழுதிக்கொடுக்க முடியாது.

"எடுங்க டாக்டர்" என்றான் முத்து. அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே சொன்னான்.

அவன் மனைவி செல்வி அங்கே வாய் திறக்கவில்லை. அப்போது அவளுக்கு முதல் பிள்ளை வயிற்றில் இருந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். கண் தெரியாதவர்களுக்குக் காதும் கேட்காது என்று எல்லாரும் ஏனோ நினைத்துக்கொள்கிறார்கள். அடுப்படியில் அவள் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது.

"மதினி பாவந்தேன். நான் இல்லேங்கல. ஆனா ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நானும் வயித்துல கெடக்கிறதும் என்ன பண்றது? பஸ்ஸு ஓட்டுறவருக்குக் கண்ணுதேன் சோறு."

"அம்புட்டுத் துணுக்குதேன் செல்வி. அரிசி நுனி."

"அரிசி நுனியோ, ஆனை நுனியோ. கண்ணுங்க அது."

அவள் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் முத்து கையெழுத்துப் போட்டான். துணுக்கு எடுத்தார்கள். கண்ணில் கட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்பத்தேன்க்கா நம்ம ரெண்டு பேருக்கும் சோடி சேந்திருக்கு" என்று சிரித்தான். செல்வி சிரித்த சத்தம் கேட்கவில்லை.

அந்தத் துணுக்கு ஆய்வகத்துக்குப் போனது. அங்கே அதை ஒரு மெல்லிய சவ்வின் மேல் வைத்து, சத்து நீர் ஊற்றி, உடம்புச் சூடு இருக்கும் பெட்டிக்குள் வைப்பார்கள். துணுக்கிலிருந்து செல்கள் ஊர்ந்து வெளியே வந்து, சவ்வைப் பிடித்துக்கொண்டு பெருகி, ஒரு விரிப்பு மாதிரி ஆக வேண்டும். அந்த விரிப்பைச் சவ்வோடு எடுத்து என் கண்ணில் பதிப்பார்கள். அந்தச் சவ்வு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பனிக்குடம். ஆபரேஷன் செய்து பிள்ளை பெறும் தாய்மார்கள் சம்மதித்துக் கொடுப்பது. பரிசோதித்து, சுத்தம் செய்து, உறைய வைத்திருப்பார்கள். யாரோ ஒரு பிள்ளையைச் சுற்றியிருந்த உறை என் கண்ணுக்கு வரப்போகிறது என்று கேட்டபோது, நான் தலையை ஆட்டினேன்.

ஆபரேஷன் நாள் வந்தது. பச்சைச் சட்டை போட்டுவிட்டார்கள். இடது புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டினார்கள், எந்தக் கண் என்று தவறு வந்துவிடக் கூடாது என்பதற்காக. வெறும் வயிற்றோடு சக்கர நாற்காலியில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். என் முறை வரவில்லை. பிறகு அந்தக் கிருமிநாசினி வாடை பக்கத்தில் வந்தது.

"தமிழரசி, இன்னிக்கு ஆபரேஷன் இல்ல."

"ஏன் டாக்டர்?"

"செல் ஒட்டல."

காலையில் கடைசியாகச் சோதித்தபோது விரிப்பு அங்கங்கே சவ்விலிருந்து கிளம்பி நின்றதாம். அப்படியே வைத்தால் கண்ணில் பத்துத் தடவை இமைத்ததும் கழன்று வந்துவிடும். அதனால் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

"சவ்வுக்கு மேலயும் பழைய செல் ஒரு அடுக்கு இருக்கும். அதைப் பக்குவமா உரிச்சு எடுத்தாதான் கீழ இருக்கிற பிடிமானம் வெளிய வரும். இந்தத் துண்டுல அது சில இடத்துல சரியா வரலைன்னு நினைக்கிறோம். இது எப்பவாவது நடக்கும். யாரும் தப்புப் பண்ணல."

எனக்கு அது புரிந்தது. பலகை அடைத்து வார்த்த கான்கிரீட் தூண் வழவழவென்று இருக்கும். அதன் மேல் அப்படியே பூசினால் பூச்சு நிற்காது. உளியால் கொத்திக் கொத்திச் சொரசொரப்பாக்கிவிட்டுத்தான் பூச வேண்டும். பூச்சு கழன்று விழுந்தால் நான் சிமெண்டைத் திட்ட மாட்டேன், கொத்தினாயா என்று கேட்பேன். புரிந்தது, ஆனால் ஆறுதலாக இல்லை. பிளாஸ்திரியைப் பிய்த்து எடுத்தபோது புருவ முடி இரண்டு கூட வந்தது. அதற்காக அழுவது போல அழுதேன்.

மறுபடி செய்ய வேண்டுமானால் மறுபடி துணுக்கு வேண்டும். முத்து, "அடுத்த கண்ணுல எடுத்துக்கட்டும்" என்று போனில் சொன்னான். நான் முடியாது என்றேன். ஒரு தடவை கேட்டதே அதிகம். பாண்டி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "ஏ தமிழு, அவனே குடுக்கிறேங்கிறான். ஒனக்கு என்ன?" என்றார். "அவன் குடுப்பான். வண்டி ஓட்டும்போது கண்ணு கூசுச்சுன்னா யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

இதற்கிடையில் ஊரில் வேறு பேச்சு கிளம்பியிருந்தது. முதலில் தொடங்கியது என் அம்மா. "செல்வி மனசு வைக்கல. முழு மனசா குடுக்காதது எப்படி ஒட்டும்?" என்று போனில் என்னிடமே சொன்னாள். அப்படிப் பேசாதே என்று சத்தம் போட்டேன். ஆனால் அது அதற்குள் நாலு வீட்டு வாசலைத் தாண்டிவிட்டது. சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போன இடத்தில் கூட, "நீ அழுத அழுகையிலதேன் ஒட்டாமப் போச்சாமே" என்று ஒருத்தி செல்வியிடமே கேட்டிருக்கிறாள்.

செல்வி கிளம்பி வந்துவிட்டாள். முத்து சென்னை வண்டியில் போயிருந்தான். நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முன்னால், வெயிலில், இரண்டு பஸ் மாறி, நான் பரிசோதனைக்கு வந்திருந்த ஆஸ்பத்திரிக்கே வந்து என் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது.

"மதினி, நான் அந்த டாக்டர்ட்ட ஒண்ணு கேக்கணும்."

"உக்காரு முதல்ல. தண்ணி குடி."

"தண்ணியெல்லாம் பெறகு. நான் மனசுக்குள்ள வேண்டாம்னு நெனச்சது நெசந்தேன். அதுனால அவரு குடுத்தது ஒட்டாமப் போகுமா? எனக்கு அது தெரியணும். இல்லாட்டி என்னால அந்த ஊர்ல தலை நிமிந்து நடக்க முடியாது."

உள்ளே போய் அதையே கேட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பிறகு எங்கள் இரண்டு பேரையும் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். உள்ளே விடமாட்டார்கள். வெளி அறையில் ஒரு திரை இருந்தது. நுண்ணோக்கியில் தெரிவதை அதில் காட்டுவார்களாம். ஜெனி என்று ஓர் இளம் ஆராய்ச்சியாளர் படங்களைப் போட்டுக் காட்டினார். எனக்கு முன்னால் வெறும் வெள்ளை மங்கல். நான் பார்த்ததெல்லாம் செல்வியின் குரல் வழியாகத்தான்.

"என்னத்த பார்க்கிறே, சொல்லு" என்றேன்.

"உருண்டை உருண்டையா இருக்கு மதினி. ஜவ்வரிசி தண்ணியில மெதக்கிற மாதிரி. ஒண்ணோட ஒண்ணு ஒட்டல. கீழயும் ஒட்டல."

"அது உங்க வீட்டுக்காரரோட செல்தான். சவ்வுல சரியா உரிபடாத இடத்துல இப்படி இருந்தது" என்றார் ஜெனி. "இப்ப அடுத்த படத்தைப் பாருங்க."

செல்வி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போவது வளையல் சத்தத்தில் தெரிந்தது.

"இது படர்ந்திருக்கு" என்றாள். "கை காலெல்லாம் நீட்டிக் கீழ கெட்டியாப் புடிச்சிருக்கு. அகத்தி மரத்துல வெத்தலைக் கொடி வேர் விட்டு ஏறுமே, அப்படி. பக்கத்துல பக்கத்துல சேந்து, எடவெளியே இல்லாம பாய் விரிச்ச மாதிரி இருக்கு. இது யாரோட கண்ணு?"

"இதுவும் உங்க வீட்டுக்காரரோடதுதான்."

"ரெண்டும் அவருதானா?"

"ஒரே துணுக்குல இருந்து வந்ததுதான். அந்தத் தட்டுல மிதந்துக்கிட்டிருந்ததுல கொஞ்சம் எடுத்து வேற தட்டுல விட்டோம். இந்தத் தட்டோட பரப்புல செல் பிடிச்சுக்கறதுக்கு ஒரு புரதம் பூசியிருக்கோம். அவ்வளவுதான் வித்தியாசம். செல்லு மேல எந்தக் குறையும் இல்ல."

"அப்ப இதையே மதினிக்கு வைக்கலாம்ல?"

"இது சோதனைக்குச் செஞ்சது, ரொம்பக் கொஞ்சம். கண்ணுல வைக்க முடியாது. புதுசா எடுத்தா, சவ்வை இன்னும் கவனமா உரிச்சு, இதே பூச்சு பூசி வளர்ப்போம். அதுக்கு அனுமதியும் வாங்கிட்டோம்."

செல்வி திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"அவரு மேல கொறை இல்ல மதினி" என்றாள். பிறகு, மிகவும் மெதுவாக, "என் மேலயும் இல்ல" என்றாள். அழ ஆரம்பித்தாள். அவள் அழுது ஓயும் வரைக்கும் டாக்டரம்மாவும் ஜெனியும் அந்த அறையை விட்டுப் போகவில்லை. வேலை இருக்கிறது என்று அவசரப்படுத்தவும் இல்லை. அன்றைக்கு அவர்கள் செய்த வைத்தியம் எந்தக் கணக்கில் வரும் என்று எனக்குத் தெரியாது.

அழுது முடித்ததும் செல்வி கேள்வி கேட்க ஆரம்பித்தாள். போன தடவை எடுத்த இடம் இப்போது எப்படி இருக்கிறது? இந்தத் தடவை எடுத்தால் எப்போது வண்டி ஓட்டலாம்? கூசுமா? நீர் வடியுமா? சென்னை வரைக்கும் ராத்திரியில் எதிர் வண்டி வெளிச்சம் கண்ணில் அடிக்குமே, அதைத் தாங்குமா? எங்கள் வீட்டில் யாருமே கேட்காத கேள்விகள். டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றே சொன்னார். அவள் திருப்தி ஆகிறவரைக்கும் கேட்டாள்.

"சரி, எடுங்க" என்றாள் கடைசியில். "ஆறுற வரைக்கும் அவரை வண்டியில ஏற விடமாட்டேன். பிரசவத்துக்கு எப்படியும் வீட்டுல இருக்கணும்ல, இருக்கட்டும்."

"வேண்டாம் செல்வி" என்றேன் நான்.

"நீங்க சும்மா இருங்க மதினி. எனக்குப் பயம் போகல. இப்பவும் பயமாத்தேன் இருக்கு. ஆனா என்னத்துக்குப் பயப்படணும்னு இப்பத் தெரியுதுல்ல."

இரண்டாவது தடவை காத்திருந்தது முதல் தடவையை விடக் கடினமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் ஜெனி பாண்டிக்குப் போன் செய்து சொல்வார். செல் வெளியே வர ஆரம்பித்துவிட்டது. பரவுகிறது. இன்னும் சொல்ல முடியாது. பாண்டி கடையில் அந்தப் போனைக் காயில் கட்டுகிற மேசையிலேயே வைத்திருப்பாராம். மணி அடித்தால் எண்ணிக்கொண்டிருந்த சுற்று மறந்துபோகும். ஒரு வாடிக்கையாளரின் மோட்டாரை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினாராம்.

ஆபரேஷனுக்குக் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். முழு நினைவோடுதான் இருந்தேன். முதலில் கருவிழி மேல் படர்ந்திருந்த சதையை உரித்து எடுத்தார்கள். வலி இல்லை, ஆனால் யாரோ நம் வீட்டுக்குள் சாமான்களை நகர்த்துவது போல ஒரு உணர்வு. பிறகு உள்ளே எல்லாரும் அமைதியானார்கள். "கொண்டு வாங்க" என்று டாக்டரம்மா சொன்னார். அந்த விரிப்பைத்தான் கொண்டுவருகிறார்கள் என்று தெரிந்தது. நான் மூச்சு விடக்கூடப் பயந்தேன். அதைக் கண்ணின் மேல் விரித்து, ஓரங்களை உள்ளே மடக்கி, அதற்கு மேல் ஒரு காண்டாக்ட் லென்ஸை மூடிபோல வைத்தார்கள்.

அதற்குப் பிறகு வார்டில் கிடந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே வேலை, கண்ணைத் தேய்க்காமல் இருப்பது. அரிக்கும். பயங்கரமாக அரிக்கும். பாண்டி கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தார். தூக்கத்தில் என் கை முகத்துக்குப் போனால் தெரிய வேண்டும் என்று என் மணிக்கட்டில் தன் துண்டைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். நான் அசைந்தால் எழுந்துவிடுவார். பகலில் தம்பி வந்து அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், இவர் குளித்துவிட்டு வரும் வரைக்கும்.

சோதனை நாளில் கண்ணில் ஒரு மஞ்சள் சாயத்தை விட்டு, நீல விளக்கில் பார்த்தார்கள். மேல் தோலில் ஓட்டை இருந்தால் சாயம் அங்கே தேங்கிப் பச்சையாக ஒளிரும். முழுசாக இருந்தால் கண்ணீரோடு வழிந்து போய்விடும். டாக்டரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். இடது ஓரம், வலது ஓரம், மேலே பாருங்க, கீழே பாருங்க.

"எங்கயும் தேங்கல" என்றார். பிறகு ஜெனியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஜெனி பார்த்துவிட்டு, "ஒட்டிருச்சு மேடம்" என்றார். நான் அவர் கையைத் தொட்டுக் கும்பிட்டேன். அவர் கையை இழுத்துக்கொண்டு, "ஐயோ அக்கா, வேண்டாம்" என்றார்.

உடனே எல்லாம் தெரிந்துவிடவில்லை. சினிமாவில் காட்டுவது போலக் கட்டை அவிழ்த்ததும் முகங்கள் தெரியவில்லை. முதலில் ஜன்னல் தெரிந்தது. பிறகு ஜன்னல் கம்பி. பிறகு ஒருநாள் கம்பிகளை எண்ண முடிந்தது. மாதங்கள் கழித்து, டாக்டர் அறைச் சுவரில் மாட்டியிருந்த அட்டையின் எழுத்துகளில் பெரியவற்றைப் படித்தேன். அதற்குக் கீழ் வரிசைகள் இன்னும் எறும்பு ஊர்வது போலத்தான் இருக்கின்றன. கருவிழியின் ஆழத்தில் தழும்பு இருக்கிறது. பிறகு ஒரு நாள் கருவிழி மாற்ற வேண்டி வரலாம். இப்போது வைத்தால் நிற்கும், மேலே தோல் வளர்க்க ஆள் இருக்கிறது. தம்பியின் செல்களை என் உடம்பு அந்நியம் என்று நினைத்துத் துரத்தாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். அதனால் சளி, காய்ச்சல் என்றால் கூடப் பயப்பட வேண்டும். கம்ப்யூட்டரில் கோடுகளைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வரைகிறேன். கட்டடம் நடக்கும் இடத்துக்குப் போவதில்லை. கயல் போய்ப் படம் எடுத்து வருகிறாள்.

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு முன்னால், தன் பனிக்குடத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கிறாள். முன்கூட்டியே நாள் குறித்து ஆபரேஷன் செய்பவர்களிடமிருந்துதான் எடுப்பார்களாம், கிருமி படக் கூடாது என்பதற்காக. செல்விக்கோ வலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கும் பிள்ளை பிறப்பதற்கும் சரியாக இருந்தது. "குடுக்கணும்னு ஆசையா இருந்தேன் மதினி. இவ எங்க விட்டா" என்று சொல்லிச் சிரித்தாள்.

போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது அவள்தான் துணைக்கு வந்தாள். பாண்டிக்குக் கடையில் அவசர வேலை. முத்து வண்டியில் போயிருந்தான். காத்திருக்கும் கூடத்தில் எங்களுக்கு எதிர் வரிசையில் ஒரு பெண் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஒரு பக்கம் கட்டு. பக்கத்தில் இருந்த வயதான அம்மாள் அவளிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். தன் தங்கைக்குத் துணுக்குக் கொடுத்தவளாம். இந்தத் தடவை ஒட்டவில்லையாம். "ஒன் ராசி அப்படி" என்று அந்த அம்மாள் சொன்னது எங்கள் வரைக்கும் கேட்டது. அந்தப் பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

செல்வி சட்டென்று குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இடமில்லை. முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"யக்கா, அழாதீக. ஒங்க ராசியும் இல்ல, மனசும் இல்ல. என்னையும் இப்படித்தேன் சொன்னாக."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் நிமிர்ந்தது தெரிந்தது.

"பொட்டியில படம் காட்டுவாக" என்றாள் செல்வி. "ஒங்க கண்ணுல எடுத்தது எப்படி இருக்குன்னு நீங்களே பார்க்கலாம். கேட்டாத்தேன் காட்டுவாக. எந்திரிங்க. நான் கேக்குறேன், வாங்க."

அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். செல்வி அவரைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து எழுப்பி, கூடத்தின் கடைசியில் ஆய்வகத்துக்குத் திரும்பும் வழியில் நடந்தாள். பிள்ளையை விட்டுவிட்டு வந்தோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நான் உள்ளே போனேன்.